மொட்டைக் கிணற்றில் விழுந்த புள்ளிமானும் மூன்று ரத்தப் பரிசோதனைகளும்

ஏப்ரல் மூன்றாவது வாரம், காலை ஒன்பது மணி இருக்கும். மருந்தகத்தில் ஒரு மாட்டுக்குச் சினை பார்த்துக்கொண்டிருந்தேன். கை முழங்கைக்கு மேல் உள்ளே இருக்கும்போதுதான் எனக்கு எப்போதும் போன் வரும். எடுத்துப் பேசியவர் உதவியாளர். "சார், கிணத்துல மான் விழுந்துருச்சாம். ஃபயர் சர்வீஸ் வந்தாச்சாம். ஃபாரஸ்ட்காரங்க உங்களை வரச் சொல்றாங்க" என்றார்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மலையேறும் முன்பே பிரிந்து போகிற ஒரு கிளைச்சாலையில் இருக்கிறது அந்த ஊர். சேர்வராயன் மலையின் தென்சரிவு அங்கே வந்து இறங்குகிறது. முதலில் புதர்க்காடு, அப்புறம் சோளக்காடு, அதற்கப்புறம் குச்சிக்கிழங்குக் காடு. எங்கள் பக்கம் மேட்டுநிலத்தையும் காடு என்றுதான் சொல்லுவோம், வனத்தையும் காடு என்றுதான் சொல்லுவோம். கோடையில் ஓடை வற்றிவிட்டால் மானுக்கும் இரண்டும் ஒன்றுதான். விடியற்காலையில் தண்ணீருக்கு இறங்கிய புள்ளிமானை நான்கைந்து தெருநாய்கள் விரட்டியிருக்கின்றன. அது ஓடிவந்து விழுந்தது ஒரு மொட்டைக் கிணற்றில். சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். முப்பது அடி ஆழம், அடியில் முழங்கால் அளவு தண்ணீர். பால் கறக்க வந்த அம்மா சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தபோது மணி ஆறரை.

நான் போய்ச் சேர்ந்தபோது மானை வலையில் கட்டி மேலே தூக்கிவிட்டிருந்தார்கள். தீயணைப்பு வீரர்கள் வேலையைச் சுத்தமாக முடித்திருந்தார்கள், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. குறையெல்லாம் சுற்றி நின்ற நூறு பேரும் அவர்கள் கையிலிருந்த போன்களும்தான். மூன்று மணி நேரமாக அந்த மான் கிணற்றுக்குள் சுற்றிச் சுற்றி ஓடிச் சுவரில் மோதியிருக்கிறது. மேலே எட்டிப் பார்த்த ஒவ்வொரு தலையும் அதற்கு ஒரு புலி.

ஆண் மான், மூன்று நான்கு வயது, ஐம்பத்தைந்து கிலோ இருக்கலாம். கொம்பு இன்னும் தோல் உரியாமல் இருந்தது. மெல்லிய மயிர் படர்ந்து, தொட்டால் சூடாக, உள்ளே ரத்தம் ஓடுவது தெரியும்படி. இந்தக் கொம்பைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது, ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வலது தொடையில் இரண்டு பல் பதிந்த காயம், முன்னங்கால் முட்டிகளில் சிராய்ப்பு. எலும்பு முறிவு இல்லை. வாய் திறந்தபடி மூச்சு வாங்கியது. ஆசனவாயில் வெப்பமானி வைத்தால் 41.7 டிகிரி செல்சியஸ். அமைதியாக இருக்கும் மானுக்கு 39ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

கண்ணைத் துண்டால் கட்டினோம், கூட்டத்தை வனவர் விரட்டினார், வேப்பமர நிழலில் ஈரச் சாக்கு போர்த்தினோம். கூட இருந்த வேட்டைத் தடுப்புக் காவலர் மலை ஊர்க்காரர், அறுபதை நெருங்குகிறவர். அவர் என் காதருகே வந்து, "சார், இதை இப்பவே விட்டுருங்க. மான் காயத்துல சாகாது, பயத்துல சாகும்" என்றார். இந்த உடல் சூட்டோடு விட்டால் நூறு கஜம் தாண்டாது என்று நான் நினைத்தேன். இரண்டு பேர் சொன்னதிலும் பாதி சரி.

கழுத்துச் சிரையில் ஊசி போட்டுச் சிவப்பு மூடி டியூபில் ஐந்து மில்லி, ஊதா மூடியில் இரண்டு மில்லி எடுத்தேன். மணி 10:10. முதல் தவறு அங்கே தொடங்கியது.

முதல் டியூப்

ரத்தத்தை எடுத்த அரைமணி, ஒருமணி நேரத்தில் உறையவிட்டு, சுழற்றி, மேலே தெளியும் சீரத்தைப் பிரித்துவிட வேண்டும். கல்லூரியில் முதல் வகுப்பிலேயே சொல்லித்தருவது இது. நான் டியூபை பைக்கின் பக்கப் பெட்டியில் வைத்தேன். பிறகு மானை வனத்துறை வண்டியில் ஏற்றி, அவர்களின் காலியான கிடங்கு அறைக்குக் கொண்டுபோய், ஜன்னல்களுக்குச் சாக்கு மாட்டி இருட்டாக்கி, குளுகுளு உப்புநீர் ஏற்றி, பதற்றத்தைத் தணிக்கும் மிடாசோலம் போட்டு, வைட்டமின் ஈ-செலினியம் ஊசியும் போட்டு, நகரத்தில் உள்ள லேபுக்குப் போனபோது மணி ஒன்றரை. சேலத்து ஏப்ரல் வெயில், கரடுமுரடான மண்பாதை, மூடிய பெட்டி. டியூபைச் சுழற்றி எடுத்தால் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய சீரம் ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தது. சிவப்பணுக்கள் டியூபுக்குள்ளேயே உடைந்துவிட்டன.

இது ஏன் பெரிய விஷயம்? மானின் தசை சிதைந்திருக்கிறதா என்பதுதான் அப்போதைய கேள்வி. தசை சிதைந்தால் அதற்குள்ளிருக்கும் கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதி ரத்தத்தில் கொட்டும். லேப் தாளில் அது சி.பி.கே. என்று வரும். எஸ்.ஜி.ஓ.டி. என்ற இன்னொரு நொதியும் பொட்டாசியமும் தசையிலிருந்து வெளியே வரும். சிவப்பணு உடைந்தாலும் எஸ்.ஜி.ஓ.டி. கூடும். உடைந்த அணுக்களிலிருந்து வரும் வேறொரு நொதி சி.பி.கே. சோதனையிலேயே புகுந்து எண்ணை ஏற்றிக் காட்டும். ஆக, மான் சொல்ல வந்த கதையையும் என் பைக் பெட்டி சொன்ன கதையையும் பிரிக்க முடியாமல் போனது.

சி.பி.கே. 9,800, எஸ்.ஜி.ஓ.டி. 640, பொட்டாசியம் 7.4, யூரியா 46, கிரியாட்டினின் 2.1, மொத்தப் புரதம் 8.4, ஆல்புமின் 3.6, அல்கலைன் பாஸ்படேஸ் 512. இதுதான் முதல் தாள். கிட்டத்தட்ட ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘எச்’, அதாவது அளவுக்கு மேல். அந்த இயந்திரத்துக்குள் இருப்பது மனிதர்களுக்கான அளவுகோல். மானுக்கு அது பொருந்தாது என்று இயந்திரத்துக்கு யாரும் சொல்லவில்லை.

மாலை நாலு மணிக்கு லேபிலிருந்து போன். டெக்னீஷியன் தங்கச்சி, குரலில் பதற்றம். "சார், ஊதா டியூப்ல ஸ்மியர் போட்டேன். பேஷண்ட்டுக்கு சிக்கிள் செல் இருக்கு சார். எக்கச்சக்கமா இருக்கு."

"பேஷண்ட் மானும்மா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

சொல்லாமல் அனுப்பியது என் தப்பு. ஆனால் அந்தப் பெண் பார்த்தது உண்மை. பெரும்பாலான மானினங்களின் சிவப்பணுக்கள் உடலுக்கு வெளியே எடுத்துக் காற்றுப்படும்போது அரிவாள் வடிவத்துக்கு வளைகின்றன. ஜார்ஜ் கல்லிவர் என்பவர் 1840இலேயே இதைக் கண்டு எழுதிவிட்டார். மனிதர்களில் அரிவாளணு சோகையைச் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் விவரித்தது 1910இல். எழுபது ஆண்டு முன்னால் மான் வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், மனிதனில் ஆக்ஸிஜன் குறையும்போது அணு வளைகிறது. மானிலோ ஆக்ஸிஜன் நிறைந்திருக்கும்போது, ரத்தம் காரத்தன்மை பக்கம் போகும்போது வளைகிறது. மானுக்கு அதனால் ஒரு நோயும் இல்லை. மனித அளவுகோலை மானுக்கு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. எண்களில் இருக்கும் இதே தப்பு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கொம்பும் கல்லீரலும்

அந்த ‘எச்’ களில் சிலவற்றை அங்கேயே அடித்துவிடலாம். அல்கலைன் பாஸ்படேஸ் 512 என்றால் மனித மருத்துவர் கல்லீரல், பித்தக்குழாய் என்று போவார். இந்த மானின் தலையில் இரண்டு எலும்புகள் நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. எலும்பு வளரும் இடத்தில் இந்த நொதி பொங்கும். பாலூட்டிகளின் உடம்பில் மான்கொம்பைப் போல வேகமாக வளரும் திசுக்கள் மிகக் குறைவு. நம் புள்ளிமான்களில் எல்லா ஆண்களும் ஒரே மாதத்தில் கொம்பு உதிர்ப்பதில்லை. ஒரே மந்தையில் ஒன்று முற்றிய கொம்போடும் இன்னொன்று தோல் போர்த்திய கொம்போடும் நிற்கும். ஆகவே தலையைப் பார்க்காமல் இந்த எண்ணைப் படிக்கவே கூடாது. பத்து மானின் தாளை மேசையில் வைத்துக்கொண்டு சராசரி போடுகிறவர்கள், கொம்பின் நிலையை ஒரு பத்தியில் எழுதாவிட்டால் அந்தச் சராசரிக்கு அர்த்தமில்லை என்பேன்.

எஸ்.ஜி.பி.டி.யும் அப்படித்தான். நம் ஊரில் கல்லீரல் என்றாலே எல்லாரும் கேட்பது அதைத்தான். அசைபோடும் பிராணிகளின் கல்லீரலில் அந்த நொதி மிகக் கொஞ்சம். கல்லீரல் கெட்டாலும் அது பெரிதாக ஏறாது. ஏறினால் பெரும்பாலும் தசைதான் காரணம். கல்லீரலைக் கேட்க வேண்டுமென்றால் ஜி.ஜி.டி. என்ற நொதியைக் கேட்க வேண்டும்.

இன்னொரு பொறி யூரியாவில் இருக்கிறது. வெளிநாட்டுக் கட்டுரைகளில் மானுக்குக் கொடுத்திருப்பது யூரியா நைட்ரஜன். நம் லேப் தருவது யூரியா. ஒன்றை மற்றொன்றாக்க 2.14ஆல் பெருக்க வேண்டும் அல்லது வகுக்க வேண்டும். 46 என்பதை அப்படியே அந்தக் கட்டுரையின் அட்டவணையோடு ஒப்பிட்டால் சிறுநீரகம் போய்விட்டது என்று தோன்றும். வகுத்துப் பார்த்தால் 21.5, ஒன்றும் பயமில்லை. இதில் சறுக்கிய ஆய்வேடுகளையே நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது டியூப்

மறுநாள் காலை மான் எழுந்து நின்றது. வாகை இலையை முகர்ந்து பார்த்தது, இரண்டு வாய் தின்றது. வெப்பம் 39.4. ரேஞ்சர் முகத்தில் சிரிப்பு. நான் மட்டும் அறையின் மூலையில் சிமெண்ட் தரையில் தேங்கியிருந்த மூத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் இல்லாத வரக்காபி நிறம்.

மூத்திரத்தில் குச்சியை நனைத்தால் ரத்தம் இருக்கிறது என்று காட்டியது. ஆனால் அந்தக் குச்சிக்குச் சிவப்பணுவிலிருந்து வரும் ஹீமோகுளோபினும் தசையிலிருந்து வரும் மையோகுளோபினும் ஒன்றுதான். பிரித்துச் சொல்வது சீரத்தின் நிறம். ஹீமோகுளோபின் என்றால் சீரமும் சிவந்திருக்கும். மையோகுளோபின் சிறிய மூலக்கூறு, ரத்தத்தில் தங்காமல் சிறுநீரகம் வழியே ஓடிவிடும். மூத்திரம் கறுக்கும், சீரம் தெளிவாக இருக்கும். நேற்றைய ரோஸ்மில்க் டியூப் இந்தக் கேள்விக்கு எந்தப் பதிலும் சொல்லாது. நேற்று நான் தொலைத்தது அதைத்தான்.

இந்த முறை ஐஸ் பெட்டி, அரைமணியில் சுழற்சி, எல்லாம் முறையாக. சீரம் தெளிந்த வைக்கோல் நிறம். சி.பி.கே. 31,500. இயந்திரம் அந்த அளவைத் தாங்காமல், டெக்னீஷியன் சீரத்தை நீர்த்து மறுபடி ஓட்டிப் பெருக்கிச் சொன்ன எண் அது. எஸ்.ஜி.ஓ.டி. 2,180. பொட்டாசியம் 6.1. யூரியா 78. கிரியாட்டினின் 3.0.

சந்தேகமே இல்லை, கேப்சர் மயோபதி. பிடிபடுகிற காட்டுவிலங்குக்கு வரும் தசைச்சிதைவு. 1964இல் கென்யாவில் பிடிக்கப்பட்ட ஹிரோலா என்ற இரலை இனத்தில் இதை முதலில் விவரித்து எழுதினார்கள். அதற்கு முன்பும் வேட்டைக்காரர்களுக்கும் மலைக்காரர்களுக்கும் வேறு பெயரில் தெரிந்திருக்கும். பயமும் ஓட்டமும் சூடும் சேரும்போது தசை தன் சக்தியைத் தாண்டி வேலை செய்கிறது. ஆக்ஸிஜன் போதாமல் லாக்டிக் அமிலம் சேர்கிறது, ரத்தம் அமிலமாகிறது, தசைநார்ச் செல்கள் உடைகின்றன. உடைந்த செல்லிலிருந்து கொட்டும் பொட்டாசியம் இதயத்தைத் தாக்கினால் மணிக்கணக்கில் சாவு. அதைத் தாண்டினால் மையோகுளோபின் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் அடைத்துக்கொள்ள, நாள்கணக்கில் சாவு. அதையும் தாண்டினால் சில வாரம் கழித்து எதற்கோ திடுக்கிட்டு ஓடும்போது பழுதான இதயத்தசை நின்றுவிடுவதும் உண்டு.

முந்தைய நாளின் 9,800 பொய்யா? முழுப் பொய்யில்லை. தசை உடைந்தவுடனே சி.பி.கே. உச்சத்துக்குப் போய்விடாது. மணிக்கணக்கில் ஏறி, அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் உச்சம் தொடும். நிகழ்ச்சி நடந்து நாலு மணி நேரத்தில் எடுத்த டியூபும் ஒரு நாள் கழித்து எடுத்த டியூபும் வேறு வேறு எண் காட்டத்தான் வேண்டும். எஸ்.ஜி.ஓ.டி. இன்னும் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கடிகாரம் மாதிரி நேரம் சொல்லும். சி.பி.கே. உச்சியில், எஸ்.ஜி.ஓ.டி. ஏறுமுகம் என்றால் நேற்றைய காயம். சி.பி.கே. சரிந்து, எஸ்.ஜி.ஓ.டி. மட்டும் நின்றால் சில நாள் பழையது. இந்தக் கடிகாரத்தைச் சரியாகப் படிக்கத் தெரிந்த நான்தான் அடுத்த தப்பைச் செய்தேன்.

மூன்றாவது நாள்

உப்புநீர் ஏற்றுவது, சோடா உப்பு கொடுப்பது, இருட்டறை, இரண்டு பேருக்கு மேல் உள்ளே போகக் கூடாது என்ற கட்டளை. இப்படியே போனது. ஒவ்வொரு முறை ஊசி போடும்போதும் நான்கு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அமுக்கும்போதெல்லாம் அது துள்ளும். துள்ளல் ஒவ்வொன்றும் புதிதாக ஒரு பிடிபடல். முதல் நாளே கழுத்துச் சிரையில் தங்கும் குழாயான கேனுலா ஒன்றை வைத்துத் தைத்திருந்தால் இதில் பாதி தேவைப்பட்டிருக்காது. மாட்டுக்குச் செய்கிற பழக்கத்தில், வேண்டும்போது குத்திக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் தாள் வந்தபோது ரேஞ்சருக்கு நானே போன் செய்து சொன்னேன், "குறைஞ்சிருக்கு சார், நல்ல செய்தி." சி.பி.கே. 31,500லிருந்து 6,900க்கு இறங்கியிருந்தது. எஸ்.ஜி.ஓ.டி. 1,940. கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. யூரியா 168. கிரியாட்டினின் 6.2. பொட்டாசியம் 6.8.

சி.பி.கே. இறங்கியதில் ஆச்சரியமில்லை. அது ரத்தத்தில் சில மணி நேரமே வாழ்கிற நொதி. புதிதாகத் தசை உடையாவிட்டால் தானாக இறங்கிவிடும். மான் பிழைத்தாலும் இறங்கும், சாகப் போகிற மானிலும் இறங்கும். அடுப்பை அணைத்துவிட்டார்கள் என்று மட்டும் அது சொல்கிறது, வீட்டில் எவ்வளவு எரிந்தது என்று சொல்லாது. எரிந்ததைச் சொன்னது, சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவான கிரியாட்டினின். மூன்று நாளில் மூன்று மடங்கு. மூத்திரம் குறைந்துபோனதை நானே கண்ணால் பார்த்திருந்தேன், ‘தண்ணி சரியா குடிக்கலை போல’ என்று நோட்டில் எழுதியும் இருக்கிறேன். பெரிய எண் குறைந்த சந்தோஷத்தில் சின்ன எண் கூடியதைக் கண் தாண்டிவிட்டது. முதல் நாள் வலிக்கும் வீக்கத்துக்கும் போட்ட மெலாக்சிகாமும், நீர் வற்றிய சிறுநீரகத்தின் மேல் இன்னொரு சுமை என்று இப்போது நினைக்கிறேன். ஒரே ஒரு ஊசிதான், ஆனாலும் நினைக்கிறேன்.

நாலாம் நாள் விடியற்காலை காவலர் போன் செய்தார். "சார், போயிருச்சு." அவர் வேறொன்றும் சொல்லவில்லை. முதல் நாள் காதில் சொன்னதை ஞாபகப்படுத்தவும் இல்லை.

மேசையில் கிடந்த பதில்

பிரேதப் பரிசோதனை ரேஞ்சர் முன்னிலையில், அந்தக் கிடங்கின் பின்பக்கம். தொடைத்தசையை வெட்டினால் சிவப்புக்கு நடுவே வெளிறிய பட்டைகள், வெந்த மீன் மாதிரி. நாய் கடித்த வலது தொடையில் மட்டுமல்ல, கடிபடாத இடது தொடையிலும் தோளிலும் அப்படியே. சிறுநீரகங்கள் வீங்கி, பழுப்பேறி, வெட்டிய முகத்தில் கருங்கோடுகள். மூத்திரப்பையில் ஒரு கரண்டி வரக்காபி. பல் பட்ட காயம் தோலையும் அதன் கீழே ஒரு விரற்கடையையும் தாண்டவில்லை.

அப்புறம், என்னை உண்மையில் யோசிக்க வைத்தது இதற்கப்புறம் பார்த்ததுதான். தொடை எலும்பை உடைத்து மஜ்ஜையைப் பார்த்தோம். பட்டினி கிடந்த மானில் மஜ்ஜை சிவந்து, கூழாகி, ஜெல்லி மாதிரி ஆடும். உடம்பு தன் கொழுப்பைத் தின்னும்போது கடைசியாகக் கைவைக்கும் இடங்களில் இது ஒன்று. இந்த மானின் மஜ்ஜை கெட்டியாக, வெளுத்து, மெழுகு மாதிரி இருந்தது. சிறுநீரகத்தைச் சுற்றிக் கொழுப்பு இருந்தது. இரைப்பையில் வாகை நெற்று, காய்ந்த புல், குச்சிக்கிழங்கு இலை, உள்ளங்கை அகலத்தில் ஒரு பாலிதீன் துண்டு. சுவரில் ஒட்டியிருந்த ஆம்பிஸ்டோம் புழுக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கோடையின் நடுவில், வறண்ட அடிவாரத்தில், இது நன்றாக வாழ்ந்துகொண்டிருந்த மான்.

மூன்று தாள்களில் தடித்த ‘எச்’ வாங்கிய எந்த எண்ணும் இதைச் சொல்லவில்லை. சொன்னது ஓரமாக, ‘எச்’ இல்லாமல் கிடந்த ஆல்புமின். முதல் நாள் 3.6, உப்புநீர் ஏற்றிய பின் 3.1. முதல் எண் நீர்வற்றலால் கொஞ்சம் தூக்கலாக இருந்திருக்கும், இரண்டாவதுதான் உண்மைக்குப் பக்கம். ஆல்புமின் கல்லீரலில் உருவாகி வாரக்கணக்கில் ரத்தத்தில் வாழ்கிறது. ஒரு நாள் பயத்தால் அது ஆடாது. நாள்பட்ட பட்டினியோ புழுக்கூட்டமோ கல்லீரல் கேடோ இருந்தால்தான் சரியும். மீதமிருந்த சீரத்தில் ஜி.ஜி.டி. பார்க்கச் சொன்னேன், அதிலும் ஏற்றமில்லை. ஆக, அந்த மான் கிணற்றில் விழுவதற்கு முந்தைய மாதம் எப்படி இருந்தது என்ற கேள்விக்கு ரத்தத்தில் பதில் இருந்தது. நான் படிக்காத வரியில் இருந்தது.

காட்டுமானின் ரத்தத்தை வைத்து அதன் நலத்தை அளக்க நினைக்கிறவர்களுக்கு இங்கேதான் சிக்கல். ஒரு டியூபுக்குள் இரண்டு காலம் கலந்து கிடக்கிறது. சி.பி.கே., பொட்டாசியம், குளுக்கோஸ், அழுத்த ஹார்மோனான கார்டிசால் இவையெல்லாம் பிடித்த நிமிடத்தின் கதை. கார்டிசால் பிடித்த சில நிமிடத்திலேயே ஏறத் தொடங்கும். பயந்த மானின் மண்ணீரல் சுருங்கிச் சேமித்து வைத்த சிவப்பணுக்களைக் கொட்டும், ஹீமோகுளோபின் எண் அழகாக ஏறும், ரத்தசோகை உள்ள மான்கூடத் தேறிய மான் மாதிரி தெரியும். சைலசின் போட்டு மயக்கிப் பிடித்தாலோ மண்ணீரல் தளர்ந்து எண் இறங்கும், கூடவே இன்சுலின் அடங்கிச் சர்க்கரை ஏறும். வலையில் பிடித்த மந்தையையும் மயக்க ஊசியில் பிடித்த மந்தையையும் ஒப்பிட்டு ‘அந்தக் காட்டு மான்களுக்குச் சத்து அதிகம்’ என்று எழுதினால், அது காட்டைப் பற்றிய முடிவு ஆகாது, பிடித்த முறையைப் பற்றிய முடிவு.

யூரியா நடுவில் நிற்கிற ஆள். அசைபோடும் பிராணி யூரியாவை எச்சில் வழியே வயிற்றுக்குத் திருப்பி அனுப்பி மறுபடி புரதமாக்கிக்கொள்ளும். மேய்ச்சலில் புரதம் குறைந்தால் ரத்த யூரியாவும் குறையும், அதனால் தீனியின் தரத்தைக் காட்ட அதை நம்புகிறார்கள். ஆனால் முழுப் பட்டினியில் உடம்பு தன் தசையையே கரைக்கத் தொடங்கினால் அதே யூரியா ஏறும். எண் மட்டும் பார்த்தால் விருந்தும் பட்டினியும் ஒரே மாதிரி. குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவின் வேலிக்குள், வேளா வேளைக்குத் தீனி கிடைக்கும் மானின் யூரியாவை எடுத்து, வேலிக்கு வெளியே மலைச்சரிவில் காய்ந்த புல் தின்னும் மானுக்கு அளவுகோலாக்குவதும் சரிவராது. இரண்டும் ஒரே மலையடிவாரத்து மான்தான். வயிற்றில் போவது வேறு.

அளவுகோல் என்று ஒன்றைப் போடவே, நலமான 120 விலங்குகளின் ரத்தமாவது இருந்தால் நல்லது என்பது ஆய்வகத் துறையின் வழக்கம். குறைந்தபட்சம் இருபது முப்பது. சேர்வராயன் மலையில் 120 மானைப் பிடிப்பதா? நடந்ததைப் பார்த்த பிறகு யாரும் கேட்கக்கூடாத கேள்வி. அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் இப்போது தரையில் கிடப்பதைத் தேடிப் போகிறார்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் பனியின் மேல் விழுந்த மூத்திரத்தை அள்ளி, யூரியாவையும் கிரியாட்டினினையும் விகிதமாக்கி எல்க் மான்களின் பட்டினியை அளந்தார்கள். நம் நாட்டில் ஐதராபாத் லேகோன்ஸ் ஆய்வகத்தார் சாணத்திலிருந்தும் புழுக்கையிலிருந்தும் அழுத்த ஹார்மோனின் எச்சத்தை அளக்கிறார்கள். நமக்குப் பனி இல்லை, புழுக்கை நிறைய இருக்கிறது. மானுக்குத் தெரியாமலே எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் கிணற்றிலிருந்து தூக்கிய மானுக்கு ரத்தமே எடுக்க வேண்டாமா? வேண்டும், ஒரு முறை, கேனுலா வழியாக, ஐஸில். இரண்டாவது முறை அதே கேனுலாவிலிருந்து. மூன்றாவதற்குத் தொடவே மாட்டேன், மூத்திரத்தின் அளவையும் நிறத்தையும் பார்த்துக்கொண்டிருப்பேன். உப்புநீரை அந்த வேப்பமரத்தடியிலேயே, வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே ஓட்டத் தொடங்குவேன். 40க்குக் கீழே சூடு இறங்கி, எலும்பு முறிவும் இல்லாமல், மான் தானாக எழுந்தால் காவலர் சொன்னபடி அங்கேயே, புதர்ப்பக்கம் பார்த்து விட்டுவிடுவேன். என் பைக் பெட்டியில் இப்போது கையால் சுற்றும் ஒரு பழைய சென்ட்ரிஃப்யூஜ் இருக்கிறது. ஊர்ப்பிள்ளைகள் அதை ஐஸ்கிரீம் மிஷின் என்கிறார்கள்.

பரிசோதனை அறிக்கையில் சாவுக்குக் காரணம் எழுத ஒரே ஒரு வரி விட்டிருப்பார்கள். பேனாவைத் திறந்தபோது ரேஞ்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நாய்க்கடின்னு போட்டுருங்களேன் சார். மேலே கேட்டா எல்லாருக்கும் புரியும்."

"நாய் ரெண்டு பல்லுதான் சார் பதிச்சுது."

வரி போதவில்லை. ஓரத்தில் சாய்த்து எழுதி முடித்தேன்: பிடிபட்ட அழுத்தத்தால் தசைச்சிதைவு, அதைத் தொடர்ந்து சிறுநீரகச் செயலிழப்பு, முன்காரணம் சுற்றுச்சுவரற்ற கிணறு. அவர் படித்துப் பார்த்துவிட்டு, அந்தக் கிணற்றின் சர்வே எண்ணையும் சேர்த்துப் போடச் சொன்னார்.